கனகமணியின் வலிக்கு ஒரு பேர்

கோத்தகிரியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கனகமணிக்கு ஆறு வருசமாக வயிற்றுவலி. எந்த ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு டாக்டர் கேஸ் என்றார், இன்னொருவர் மனக்கவலை என்றார். கிலோக்கணக்கில் ஓமம் தின்றதுதான் மிச்சம்.

போன மாசம் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனாள்.

"எங்கங்க வலிக்குது?"

கனகமணி தொப்புளுக்குப் பக்கத்தில் ஒற்றை விரலை வைத்தாள். டாக்டர் அவளைப் படுக்கவைத்து, அங்கேயே அழுத்திக்கொண்டு, தலையைத் தூக்கச் சொன்னார். உயிர் போகிற மாதிரி வலித்தது.

"வயித்துச் சதை இறுகினதும் வலி கூடுதுன்னா, குடல்ல ஒன்னுமில்லீங்க. மேல் சதையில ஒரு நரம்பு சிக்கியிருக்குது," என்றவர், அதே இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டார். பத்து நிமிசத்தில் வலி அடங்கிவிட்டது. கனகமணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மறுபடியும் வரலாமுங்க. வந்தா இன்னொரு ஊசி போட்டுக்கலாம்."

"வந்தா வரட்டுங்க. என்னன்னு தெரிஞ்சு போச்சில்லீங்க," என்றாள் கனகமணி. வெளியே வந்ததும் எதிர் ஓட்டலில் நுழைந்து, ஆறு வருசமாகப் பயந்து தொடாத மசால் தோசை சொன்னாள்.