மாடியில் விட்டு வந்த சுண்டைக்காய்

வத்தல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொத்தவரங்காயை எவ்வளவு நேரம் வேகவிட வேண்டும், மோர்மிளகாயை எத்தனை நாள் மோரிலும் வெயிலிலும் மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். சித்திரை வெயிலில் காயவைத்து அடைத்துவிட்டால், ஐப்பசியில் ஊரே மழையில் மிதந்தாலும் எங்கள் வீட்டில் குழம்புக்குக் காய் இல்லை என்ற பேச்சே வராது. வீட்டுக்காரர் பாத்திரக்கடை வைத்திருப்பதால் டப்பாவுக்கும் பஞ்சமில்லை.

பெருமையை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் செய்த ஒரு காரியம் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

எங்கள் பின்தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வடக்கனந்தல் பக்கம் மரவள்ளிக் காட்டில் களை எடுக்கப் போவார். அந்தச் சித்திரையில் அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோற்றோடு போட சுண்டைக்காய் வத்தல் வேண்டும். வேலை முடிந்து வரும்போதெல்லாம் வேலியோரம் நின்று மடி நிறையப் பறித்து வந்திருக்கிறார். காயவைக்கத்தான் இடமில்லை. அவர் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வாசலில் போட்டால் ஆடும் கோழியும் விடாது.

"பாயம்மா, உங்க மாடியில ஒரு ஓரமா போட்டுக்கட்டுமா? மழ கிழ வந்தா மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார்.

"தாராளமா போடுங்கக்கா" என்றேன்.

தட்டி, மோரில் ஊறவைத்த சுண்டைக்காயை ஒரு பழைய புடவையில் பரப்பிவிட்டுக் காலையில் வேலைக்குப் போவார். மாலையில் வந்து அள்ளி மறுபடி மோரில் போடுவார். நாலாம் நாள் நான் மாடிக்குப் போனபோது என் மிளகாய்த் தாம்பாளம் தண்ணீர்த்தொட்டி நிழலில் கிடந்தது. அவர் புடவையை விரிக்க இடம் பண்ணிக்கொண்டு, தாம்பாளத்தைத் திரும்ப நகர்த்தாமல் போயிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இடம் கொடுத்தால் மடத்தையே பிடுங்குவார்கள் போல என்று முணுமுணுத்துக்கொண்டே கீழே வந்தேன்.

மதியம் மேற்கே கல்வராயன் மலைப் பக்கம் கறுத்தது. ஓடிப்போய் என் தாம்பாளங்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன். கடைசித் தாம்பாளத்தை எடுக்கும்போது நாலைந்து தூறல் விழுந்தது. அந்தப் புடவை எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தது. நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்தால் ஒரே மூட்டை. அவங்களுதை அவங்களே வந்து பார்த்துக்கட்டும் என்று இறங்கிவிட்டேன். மறதியில்லை, முட்டிவலியில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். கீழே வந்து டீ போட்டுக் குடித்தேன்.

மழை கொட்ட ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பெண்ணின் நிறைவயிறு கண்முன் வந்தது. குடைகூட எடுக்காமல் ஏறினேன். சுண்டைக்காய் எல்லாம் மிதந்து குழாய் வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் அக்கா சேறும் ஈரமுமாக நேரே எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் இன்னும் ஈரத்தலையோடுதான் இருந்தேன். அவர் வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். "எல்லாம் போச்சுக்கா. என்னுதும் போச்சு. ஒண்ணும் பண்ண முடியல."

நோன்பு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முப்பது நோன்பும் விடாமல் பிடித்த வாய் அது. கதவைச் சாத்தியிருந்த அறையில் ஃபேனுக்கு அடியில் என் தாம்பாளங்கள் வரிசையாக இருந்தன.

"நீங்க ஒண்டி ஆளு, இன்னா பண்ணுவீங்க? நனஞ்சிகினு நிக்காதீங்க, தலய தொவட்டுங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். குழாய் அடைப்பை எடுத்து, மாடியைப் பெருக்கி, மிஞ்சியதை ஒரு கிண்ணத்தில் பொறுக்கிக்கொண்டு போனார். அடுத்த இரண்டு நாளும் வெயில் இல்லை. அதுவும் பூஞ்சை பிடித்துவிட்டது.

என்னிடமும் சுண்டைக்காய் வத்தல் இரண்டு டப்பா இருந்தது. ஒன்றைக் கொடுத்திருக்கலாம். ஆனால் எல்லாம் போச்சு என்று சொன்னவள் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? பொய்யைக் காப்பாற்றுவதற்காக ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் சாப்பாட்டைப் பரண்மேல் ஏற்றி வைத்தேன். இதை எழுதும்போதே என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து அக்கா வந்தார். பேரன் பிறந்திருக்கிறான் என்றார். முந்தானைக்குள்ளிருந்து ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்தார். பாதிவரை சுண்டைக்காய் வத்தல்.

"மறுக்கா பறிச்சி வூட்டுக் கூரமேலயே போட்டேன். கொஞ்சம்தான் தேறுச்சி. உங்களுதும் போயிருச்சே, மழகாலத்துக்கு இன்னா பண்ணுவீங்கன்னு பாதிய எடுத்தாந்தேன்."

"பொண்ணுக்கு வேணாமாக்கா?"

"அதுக்கு இருக்குது. அது துன்றதே கம்மி."

வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு, பேரனுக்கு என்ன பெயர் வைக்கப்போறீங்க என்று கேட்டேன்.