கழுவச் சொன்ன முகம்

ஈரக் கல்லில் கட்டை உரசும் சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். சந்தனம் போல மணக்கும், ஆனால் சந்தனம் இல்லை. பச்சை மரப்பட்டையின் வாசனையும் அதில் கலந்திருக்கும். அந்தக் கட்டைக்குத் "தனக்கா" என்று பெயர். ரங்கூனில் பிறந்து, சிறுமியாகக் கப்பலில் வந்து, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு நடுவே வியாசர்பாடியில் வளர்ந்த அம்மா, வட்டக் கல்லில் தண்ணீர் தெளித்து அதை அரைத்து, வெளிர்மஞ்சள் விழுதைத் தன் கன்னங்களிலும் அக்காவின் கன்னங்களிலும் என் கன்னங்களிலும் பூசுவாள். கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் புகை காற்றோடு வரும் கோடைக் காலைகளில் முகம் மட்டும் குளிர்ந்திருக்கும்.

அம்மாவைப் பெற்றவள் பர்மியப் பெண். அந்தத் தட்டை மூக்கும் சின்னக் கண்களும் எனக்கு வரவில்லை. அக்காவுக்கு அப்படியே வந்திருந்தன.

தொண்ணூறுகளின் கடைசியில் அக்கா பத்தாவது படித்தாள். நான் அதே பள்ளியில் ஆறாவது. ஹால் டிக்கெட் கொடுக்கும் நாளில், பிரேயர் வரிசையிலிருந்து தலைமையாசிரியை அவளை வெளியே கூப்பிட்டார். "மூஞ்சிதான் சப்பைன்னா, அதுல சுண்ணாம்பு வேறயா? பாம்பு பல்லி திங்கிற ஊர்ப் பழக்கத்த அங்கேயே விட்டுட்டு வரணும்" என்றார். வரிசையில் சிலர் சிரித்தார்கள். மற்ற எல்லோருக்கும் ஹால் டிக்கெட் கிடைத்தது. அக்காவுடையதை, அம்மா வந்தால்தான் தருவேன் என்று மேசையிலேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் அம்மா வழக்கம்போல அரைத்தாள், மூன்று பேருக்கும் பூசினாள், எங்களோடு வந்தாள். தலைமையாசிரியையின் அறையில் அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"வரச் சொன்னீங்களாம்மா."

தலைமையாசிரியை நிமிர்ந்து பார்த்தார். "அம்மாவும் இதே கோலமா? மொதல்ல பொண்ணு மூஞ்சியக் கழுவிட்டு வா. இது ரங்கூன் இல்ல."

மைதானத்து ஓரக் குழாயடியில், அம்மா அக்காவைத் தொடுவதற்கு முன் தன் முகத்தைக் கழுவினாள். அவசரமில்லாமல், காதோரம் வரை. பிறகு அக்காவின் முகம். பிறகு, யாரும் சொல்லாமலே, என்னையும் கூப்பிட்டாள். ஈரம் சொட்டும் மூன்று முகங்கள் அந்த அறைக்குத் திரும்பி வந்தபோது தலைமையாசிரியை ஹால் டிக்கெட்டை மேசைமேல் தள்ளிவிட்டார். அம்மா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "வர்றேம்மா" என்றாள்.

பக்கத்து வீட்டு சரோஜாக்காவுக்குத் தாங்கவில்லை. "இன்னாக்கா, வாயில கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்தே? நாலு வார்த்த கேட்டுட்டு வர்றதுதானே?"

"கேட்டா என் வாயி ஆறும்" என்றாள் அம்மா. "இவ பரீட்ச இன்னா ஆவும்?"

அடுத்த நாளும் கல் உரசியது. அம்மா அக்காவின் சீருடைக்கு அடியில், முதுகில் பூசினாள். "முதுகுல எவ வந்து பாக்கப்போறா" என்றாள். பரீட்சை முடியும்வரை அப்படியே நடந்தது.

கடைசிப் பரீட்சையன்று அம்மா எவர்சில்வர் டப்பாவில் தனக்கா எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் காத்திருந்தாள். அக்கா வெளியே வந்ததும், எல்லோரும் பார்க்க, விரலில் தோய்த்து அவள் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம்மா. வூட்டுக்குப் போலாம்."

விரலில் இருந்தது காய ஆரம்பித்தது. அம்மா அதைத் தன் கன்னத்திலேயே தடவிக்கொண்டாள். அக்கா அதற்குப் பிறகு ஒருநாளும் பூசிக்கொள்ளவில்லை.

இப்போது பர்மா பஜாரில் தனக்கா சின்ன டப்பாக்களில் விற்கிறது. எங்கள் தெருவில் கட்டை உரசுகிறவர்கள் யாருமில்லை. அம்மாவும் இல்லை. நடுவில் லேசாகக் குழிந்த அவளுடைய கல், திருவொற்றியூரில் அக்கா வீட்டு பால்கனியில், ஒரு பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிறது. அக்காவின் மகளுக்கு அதே மூக்கு, அதே கண்கள். போன வாரம் தொட்டியை நகர்த்தியபோது, இது என்ன கல் என்று அந்தக் குழந்தை கேட்டது.

"தொட்டி வைக்கிற கல்லு" என்றாள் அக்கா.