சிவப்பு ஒயரும் வெள்ளை ஒயரும்

பட்டறையில் அவருக்குப் பெயர் 'காது'. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் "காதைக் கூப்பிடு", "காது சாப்பிடப் போயிருக்கு" என்றே எல்லோருக்கும் பழகிவிட்டது. முகத்தில் இருக்கிற மற்றதெல்லாம் என்ன பாவம் செய்ததோ!

அங்கே செய்வது எலெக்ட்ரிக் கிதாருக்கான பிக்கப். கிதார்க் கம்பிகளுக்கு அடியில் சோப்புக்கட்டி மாதிரி பதிந்திருக்குமே, அதுதான். உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. கிதார்க் கம்பி அதிர்வதை ஸ்பீக்கருக்குச் சொல்லி அனுப்புவது அதன் வேலை. செம்பை இழுத்துச் சுற்றினால் ஒரு சத்தம், விட்டுச் சுற்றினால் இன்னொரு சத்தம். ஒன்று கணீரென்று முகத்துக்கு நேரே பேசும், இன்னொன்று போர்வைக்குள்ளிருந்து பேசும். அதைக் கேட்டுச் சொல்ல இவரை விட்டால் ஆளில்லை. கேட்டுப் பார்க்கும்போது ஒரே கிதார், ஒரே வாசிப்பு, பிக்கப் மட்டும் மாற வேண்டும். அதன் உயரம் ஒரு திருகு கூடிப்போனாலும் சத்தம் பெரிதாகிவிடும். பெரிதாகக் கேட்பதெல்லாம் நல்லது என்று நம்பிவிடுகிற கெட்ட பழக்கம் மனிதக் காதுக்கு உண்டு.

முதலாளி வேறு யாருமில்லை, அக்காவின் கணவர். அம்மா போன பிறகு இவரை அக்காதான் வளர்த்தாள். அத்தான் படிக்க வைத்தார், தொழில் கொடுத்தார், கல்யாணமும் செய்து வைத்தார். ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டுவிட்டுப் போயிருக்கலாம். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டவனுக்கு அந்த வசதியும் கிடையாது.

மனைவி நர்ஸ். தூரத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி, மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த ஊரில் ஒரு கிதார் கடையில் இவருக்கு ரிப்பேர் வேலையும் பேசி வைத்திருந்தாள். இவர் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அத்தான், "நீ போயிட்டா யாருடா கேட்டுச் சொல்றது?" என்பார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். பேச்சு அத்தோடு சரி.

அந்த நேரத்தில்தான் அத்தான் ஒரு மெஷின் வாங்கினார். கையால் சுற்றுவதைப் போலவே சுற்றும் என்று விற்றவன் சத்தியம் செய்திருந்தான்.

"நாளைக்குக் கேட்டுப் பாத்துடுவோம்" என்றார் அத்தான். "எது கை, எது மெஷின்னு உன்னாலயே பிரிக்க முடியலைன்னா, இனிமே எல்லாம் மெஷின்தான். அப்புறம் உன்னை எதுக்குப் பிடிச்சு வச்சுக்கணும்? நானே ரயில் ஏத்தி விடுறேன்."

அக்காவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இந்தத் தடவை அடுப்படிக்குள் போகவில்லை.

காதுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவிக்கு போன் போட்டார். "தப்புத் தப்பாச் சொல்லிடப் போறேன்."

"உங்களால முடியுமா?" என்று சிரித்தாள் அவள். "பாத்திரம் கீழ விழுந்தாலே என்ன சுதின்னு சொல்ற ஆளு நீங்க."

அன்றைக்குச் சாயங்காலமே இரண்டு பிக்கப்புகளையும் தயார் செய்தார். கறுப்பு மூடி போட்டுவிட்டால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அடையாளத்துக்குக் கையால் சுற்றியதில் சிவப்பு ஒயர், மெஷினில் சுற்றியதில் வெள்ளை ஒயர். மனம் ரயிலில் ஏறிவிட்டிருந்தது, கை மட்டும் ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அவரைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். பின்னால் அத்தான் ஒயரைப் பார்த்து பிக்கப்பை மாற்றி மாற்றிப் பொருத்த, பட்டறையில் கம்பி சுற்றுகிற பெண் ஒருத்தி ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். பத்துத் தடவை. மெஷின் எது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கெட்டிக்கார மாணவன் ஒப்பிப்பது மாதிரி எல்லாம் சரியாக இருந்தது, உயிர்தான் இல்லை. அதைக் கேட்டு "கை" என்றார். கையைக் கேட்டு "மெஷின்" என்றார். பத்துக்கும் அப்படியே. சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.

பின்னால் கைதட்டல் கேட்டது.

"பத்துக்குப் பத்துடா!" அத்தான் ஓடிவந்து கட்டிக்கொண்டார். அக்காவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. மெஷின்காரனைக் கூப்பிட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லப் போவதாகச் சொல்லி அத்தான் ஆகாயத்தில் மிதந்தார். காது மட்டும் கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் மூடியைக் கழற்றிப் பார்த்தார். சிவப்பு ஒயரின் முனையில் மெஷின் சுற்றிய சுருள், அச்சடித்த மாதிரி. மாற்றிப் பற்றவைத்தது சாட்சாத் இவர் கைதான். தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்ட கையோடு ஒரு நம்பிக்கையும் வந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு அத்தானிடம் போனார்.

"ஒயர் மாறிப்போச்சு அத்தான். நான் சொன்னது அத்தனையும் தப்பு. என் காது போயிடுச்சு."

அத்தான் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெல்ல அவர் முகம் மாறியது.

"அத்தனையுமா?"

"அத்தனையும்."

"காது போனவன் குத்துமதிப்பாச் சொன்னாக்கூடப் பாதி சரியா இருக்கும்டா. ஒண்ணு விடாம தப்பாச் சொல்றதுக்கு, ஒண்ணு விடாம கேட்டிருக்கணும்."

நடுவில் இரண்டு மூன்றை மாற்றிச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அது இவருக்குத் தோன்றவே இல்லை. பொய் சொல்லும்போதும் அந்தப் பாழாய்ப்போன காது ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

அத்தான் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அவர் ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கி, ஒயரைத் தானே மாற்றி வைத்தார். பழக்கமில்லாததால் விரலைச் சுட்டுக்கொண்டார்.

"உங்க அக்காகிட்ட இதைச் சொல்லிடாதே" என்றார். "தாங்க மாட்டா." பிறகு மூடியைப் பொருத்தி இவர் கையில் கொடுத்தார். "நாளைக்கு வந்துடு. புதுசா காந்தம் வந்திருக்கு, கேட்டுப் பாக்கணும்."

"சரி அத்தான்" என்றார். அதைத் தவிர வேறு எதைச் சொல்லவும் அந்த வீட்டில் அவர் பழகியதில்லை.

போனில் மனைவி முதல் மணியிலேயே எடுத்தாள். "என்னங்க ஆச்சு?"

"எல்லாம் சரியாச் சொல்லிட்டேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு போனைத் தள்ளிப் பிடிப்பதும், மகள் அப்பா எப்ப வருவார் என்று கேட்பதும், அதற்கு அவள் பதில் சொல்லாததும் இவருக்குத் துல்லியமாகக் கேட்டது.