ஓடு கோணாமல் வளர்த்தவர்கள்

கால்நடை மருத்துவரின் நோயாளி வாய் திறந்து எதுவும் சொல்லாது. அந்த நோயாளி ஆமையாகவும் இருந்துவிட்டால் தலையைக்கூட வெளியே நீட்டாது. தூத்துக்குடியில் நாய், பூனை, ஆடு என்றுதான் கிளினிக்கைத் தொடங்கினேன். ஒன்றைப் பார்த்து ஒன்று என்று ஆமைகளும் வர ஆரம்பித்துவிட்டன. ஆமை வளர்த்து, அதன் முதுகைத் தினமும் தடவிப் பார்த்துக் கவலைப்படும் என் சக பாவப்பட்டவர்களே, நம் கஷ்டம் நமக்குத்தானே தெரியும்.

கார் நின்ற இடம்

ரோஸ்லினின் கணவர் கப்பலில் இன்ஜினியர். அவர் ஆசைப்பட்டு, முறைப்படி பதிவு செய்து வாங்கிய ஆப்பிரிக்க ஆமைக் குட்டியை ரோஸ்லின் துண்டில் பொதிந்து கொண்டுவந்தார். நகம் வெட்டிவிட வேண்டுமாம். நான் பார்த்தது முதுகை. ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் தனித்தனிக் கூம்பாக எழும்பியிருந்தது. வளர வளர அழகு கூடுகிறது என்று புருஷன் பெண்டாட்டி இருவரும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

விசாரித்ததில், வெயில் தாங்காதே என்று குட்டியை ஏசி அறையிலேயே வைத்திருந்தது தெரிந்தது. அந்த வறண்ட காற்றில்தான் ஓடு அகலத்தில் பரவாமல் மேலே எழும்பிவிட்டது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலாலும் பிரயோஜனமில்லை. ஓட்டுக்கு வேண்டியது நேர் வெயில். எழும்பியது இனி அமுங்காது, இனிமேல் வளர்வதைத்தான் காப்பாற்றலாம் என்றேன். அழுதுவிடுவார் என்று பயந்தேன். அவர் எங்கே வைக்கணும், என்ன கொடுக்கணும் என்று மட்டும் நிதானமாகக் கேட்டுக்கொண்டு போனார்.

போன கையோடு வீட்டு வாசலில் கார் நிறுத்தும் தளத்தைப் பெயர்த்து மண் கொட்டியிருக்கிறார். அறுகம்புல், நிழலுக்குச் செம்பருத்தி, ஒதுங்கிக்கொள்ள ஈரமண் போட்டுச் சாய்த்து வைத்த பானை. காலையில் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குளியல். கார் தெருவுக்குப் போனது. லீவில் வந்த கணவருக்கு அதில் மனத்தாங்கல். அடுத்த முறை இருவருமாக வந்தபோது பார்த்தேன்: கூம்புகளைச் சுற்றிப் புதிதாக வளர்ந்த ஓடு வழவழவென்று சமமாக இருந்தது. உப்புக்காற்றில் கார் பாழாகிறது என்று கணவர் என்னிடம் முறையிட்டார். ரோஸ்லின் ஆமையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "காருக்குத் துருப்பிடிச்சா தட்டி பெயின்ட் அடிச்சுக்கிடலாம். இதுக்கு அப்படி முடியாதுன்னு நீங்களே சொல்லுங்க டாக்டர்."

கல்லாவுக்குக் கீழே

பலசரக்குக்கடை அண்ணாச்சி ஒருவரின் ஆமையும் அதே ஜாதிதான். கடையில் கல்லாவுக்குக் கீழே அதற்கு ஜாகை. சாமான் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்றாகப் பிஸ்கட், வாழைப்பழம், பொரி என்று போட்டுப் பழக்கியிருந்தார்கள். வேளைக்கு வேளை விருந்து. ஓட்டின் ஓரம் மேல்நோக்கி மடங்கத் தொடங்கியிருந்தது. புல்லும் கீரையும் சப்பாத்திக்கள்ளியும்தான் தீனி, வேறெதுவும் கூடாது என்றேன். கடைக்காரர் வாடிக்கையாளர்களிடம் எப்படிக் கண்டிப்பு காட்டுவார் என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஒருநாள் பருப்பு வாங்கப் போயிருந்தேன். வெகுகால வாடிக்கை போலிருந்த ஒரு பெரியவர் குனிந்து பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி தராசை அப்படியே விட்டுவிட்டு வந்து, பெரியவரின் கையைப் பிடித்துப் பணிவாகச் சொன்னார்: "பசிச்சா நீங்க தின்னுங்க மாமா. அவனுக்கு டாக்டரம்மா புல்லுதான் எழுதிக் குடுத்திருக்காவ."

நோயில்லாத மேடு

கொற்கைப் பக்கத்து விவசாயி ஒருவர், செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் கண்ட நட்சத்திர ஆமையை எடுத்து வந்திருந்தார். முதுகெல்லாம் மேடு மேடாக இருக்கிறதே, ஏதோ சீக்கு போல, குணப்படுத்தி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவருடைய மகளுக்கு ஆசை. அறுப்பு நேரத்தில் வயலை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

இந்த ஜாதிக்கு மேடு இயற்கை, சீக்கில்லை; இதை வீட்டில் வளர்க்கச் சட்டத்தில் இடமுமில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. வனத்துறைக்கு நானே போன் செய்கிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஆட்கள் வரும்வரை பெட்டியை மடியில் வைத்துக் காத்திருந்து, எடுத்த இடத்தைக் காட்ட அவர்களோடு ஜீப்பில் ஏறினார். ஏறும்போது சொன்னார்: "சொகமா இருக்கதுக்கு நம்ம வீடு எதுக்கு? அது காட்டுக்கே போவட்டும்."

காக்கைக் காவல்

சங்கு குளிக்கும் சேவியர் கொண்டுவந்தது கடையில் வாங்கிய வெளிநாட்டு நீர் ஆமை. சமையல்கட்டு மூலையில் பிளாஸ்டிக் வாளிக்குள்ளேயே வளர்ந்தது. ஓட்டை அழுத்தினால் விரலுக்கு அமுங்கியது, பின்னங்கால் ஊன்றவில்லை. பிழைக்குமா என்றார். எனக்கே தெரியவில்லை. சுண்ணாம்புச்சத்துக்கு ஊசி போட்டுவிட்டு, தினமும் காலை வெயில் காட்டணும், ஏறிக் காய ஒரு மேடை வேணும் என்றேன். பழைய மிதப்புக் கட்டையை அறுத்து மேடை செய்தார். கரையில் ஒதுங்கும் கணவாய் மீனின் ஓட்டை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, கடிப்பதற்குத் தொட்டியில் போட்டார். ஆனால் வெயில் ஏறும் நேரம் அவர் கடலுக்குள் இருப்பார். வீட்டில் அவர் மனைவி ஜெசிந்தாவுக்கோ ஆமையைக் கண்டாலே ஆகாது.

சில மாதம் கழித்து ஆமையோடு வந்தது ஜெசிந்தா. ஓடு கெட்டிப்பட்டிருந்தது. மேஜையில் விட்டதும் நாலு காலையும் ஊன்றி நடந்தது. சேவியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: காலையில் மீன் அரிகிற வேலையை முற்றத்துக்கு மாற்றி, தொட்டியை விட்டு நகராமல் இருந்தது இந்த அம்மாதான். இவ்வளவு பிரியமா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "பிரியமெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். காக்கா கொத்திரக் கூடாதுல்லா, அதான் இருந்தேன்."

ஆக, ஓர் ஆமையின் முதுகு ஒழுங்காக வளர வேண்டுமென்றால், அந்த வீட்டில் இருக்கிற மற்ற எல்லாருடைய முதுகும் கொஞ்சம் வளைய வேண்டியிருக்கிறது.