பிள்ளையாரின் எடை

செல்வி அக்கா. அவர் கணவர் முனியாண்டி அண்ணன். ஈப்போவிலிருந்து வந்த ரேகா. நான்.

போன சனிக்கிழமை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், அக்கா வீட்டுச் சமையலறையில் இவ்வளவு பேர்தான். அடுப்பு அணைந்திருந்தது. தீபாவளி நெருக்கத்தில், முறுக்கு சுட்டு விற்கிற வீட்டில் அடுப்பு அணைந்திருந்தால்... சொல்ல வேண்டியதில்லை.

கேண்டீன் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவர் அக்கா. ஆர்டர் எடுக்க ஒரு வெப்சைட். செய்து கொடுத்தவள் ரேகா. வெப்சைட்டில் நம் கண்ணுக்குத் தெரிகிறதைச் செய்வதுதான் அவள் தொழில். ஈப்போ ஆட்கள் ஒன்றிரண்டு பேர் ஆர்டர் போட்டார்கள். அக்காவின் பழைய வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் மலைக்குப் பின்னால் இருக்கிற எஸ்டேட் தோட்டத்தில். அங்கிருந்து ஒன்றும் இல்லை.

"வட்டம் சுத்திக்கிட்டே இருக்குன்னு சொல்றாங்க லா," என்றார் அக்கா. "முறுக்கையே காணோமாம்."

"இங்க நல்லாத்தானே தொறக்குது," என்றார் அண்ணன். அவர் வீட்டு வைஃபை அப்படி.

ரேகா லேப்டாப்பில் வெப்சைட்டைத் திறந்தாள். ஒரு பட்டனைத் தட்டினாள். முறுக்குப் படம் ஓரமாக ஒதுங்கியது. அருகில் அதன் உள்ளுறுப்பெல்லாம் வந்து நின்றன.

நான் லாரி ஓட்டுகிறவன். இஞ்சின் மூடியைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். வெப்சைட்டுக்கும் மூடி உண்டு என்று அன்றுதான் தெரியும். பிரவுசரோடு சும்மாவே வருகிறதாம்.

"இப்ப இத தோட்டத்து லைன் மாதிரி ஆக்குறேன்," என்றாள்.

அதே வீடு. அதே வைஃபை. லேப்டாப் மட்டும் பழைய போன் மாதிரி ஊர்ந்தது. இங்கே உட்கார்ந்தபடி, மலைக்குப் பின்னால் இருக்கிறவர் படுகிற பாட்டைப் பார்க்க முடிகிறது.

எது வந்துசேர எவ்வளவு நேரம் என்று திரையில் கோடுகள் வந்தன. எழுத்துக்கு ஒரு குட்டிக் கோடு. பட்டனுக்கு ஒன்று. ஒரு கோடு மட்டும் நீண்டுகொண்டே போனது.

"இது யாரு?" என்றேன்.

"பிள்ளையார்," என்றாள் ரேகா. "நான் வைக்கலியே."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம்.

"சாமி இல்லாம கடை தொறப்பாங்களா? கல்யாணக் கேமராக்காரர் எடுத்த படம். தெளிவா இருக்கட்டும்னு அப்படியே போட்டேன்."

"தெளிவாத்தான் இருக்காரு. வழிய விடாம," என்றார் அக்கா. உடனே குரல் இறங்கியது. "சாமிய எடுத்துராதம்மா."

"எடுக்கல அக்கா. எடைய மட்டும் கொறைக்கிறேன்."

முதலில், இருப்பதை அப்படியே பத்திரப்படுத்தினாள். கெட்டுப்போனால் திரும்பி வரலாம். பிறகு படத்தைச் சுருக்கி, திரையில் அதற்கென ஓர் இடமும் ஒதுக்கினாள். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்தாள். தும்பிக்கையைப் பார்த்தேன். கொழுக்கட்டையைப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை. எடை மட்டும் லாரியிலிருந்து சைக்கிளுக்கு வந்திருந்தது.

கண் தெரியாதவர்களுக்காகப் படத்தோடு இரண்டு சொல் சேர்த்தாள். போனை வாசிக்கச் சொன்னாள். "பிள்ளையார் படம்" என்றது போன். அண்ணன் கைகூப்பினார்.

முடிந்தது என்று எழுந்தேன்.

"லேப்டாப் சொன்னா போதாதுண்ணே. உங்க போன் பழசுதானே? தோட்டத்துல போய்த் தொறந்து பாருங்க."

மோட்டார் சைக்கிளில் போனேன். தோட்டத்தில் முன்பு ரப்பர், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. சிக்னல் ஒரு கோடு. திறந்தேன்.

ஆர்டர் பட்டன் வந்தது. முறுக்கு வந்தது. பிள்ளையார் தனக்கு ஒதுக்கிய இடத்தில் வந்து உட்கார்ந்தார். எதுவும் இடம்விட்டுக் குதிக்கவில்லை.

நம் வீட்டில் ஓடினால் ஊரெல்லாம் ஓடும் என்று நினைத்தது... அண்ணன் மட்டுமா?

அக்காவுக்குப் போன் போட்டேன். "தொறந்துச்சு."

"நெசமாவா தம்பி?"

"ம்."

அக்கா பழைய வாடிக்கைக்காரர்களுக்கு மறுபடி லிங்க் அனுப்பினார். நான் திரும்பியபோது அடுப்பு எரிந்தது.

இருட்டுவதற்குள் தோட்டத்திலிருந்து வந்த ஆர்டர்:

பதினாறு.