பேட்டர்ன் என்ற சொல்லும் எங்கள் வீட்டு வாசற்கதவும்

கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள் நான். பேட்டர்ன் என்றதும் என் மாணவிகளுக்கு முதலில் நினைவு வருவது கொஸ்டின் பேப்பர் பேட்டர்ன்தான். போன வருஷம் போலவே வருமா, மாற்றித் தொலைப்பார்களா என்ற கவலை. அடுத்தது புடவையில் ஓடும் டிசைன். தையல்காரர் வெட்டி வைத்திருக்கும் காகித அளவும் பேட்டர்ன்தான். தலைவலி எந்தெந்த நேரத்தில் வருகிறது என்று டாக்டர் துருவுவதும் பேட்டர்னைத்தான்.

எங்கள் வீட்டில் அது சோறு போடுகிற சொல். என் கணவருக்குச் சிங்காநல்லூரில் பேட்டர்ன் பட்டறை. பம்பு பாகங்களை முதலில் மரத்தில் செய்துகொடுப்பார். பவுண்டரியில் அதை மணலில் பதித்து எடுத்துவிட்டு, அந்தக் குழியில் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவார்கள்.

சொல்லின் பூர்வீகம் லத்தீன். அப்பாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து காப்பாளர் என்ற பொருளில் ஒரு சொல் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. காப்பாளரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நடக்க வேண்டும் என்பதால் முன்மாதிரிக்கும் அதே பெயர். பிறகு உச்சரிப்பு திரிந்து, காப்பாளர் பேட்ரன் ஆனார், முன்மாதிரி பேட்டர்ன் ஆனது. ஒருநாள் சாப்பிடும்போது இதைக் கணவரிடம் சொன்னேன்.

"அப்பாவுல இருந்து வந்துச்சா? அதுல உங்கப்பாவும் சேத்தியா அம்மணி?" என்றார்.

நியாயமான கேள்வி. நாங்களாகச் செய்துகொண்ட கல்யாணம் எங்களுடையது. "மரஞ்செதுக்கறவனுக்குக் குடுக்கறதுக்கா படிக்க வெச்சேன்" என்று கேட்ட அப்பா, எங்கள் வாடகை வீட்டுப் படியை மிதித்ததே இல்லை. அம்மா மட்டும் வந்துபோவாள்.

சொந்த வீடு கட்டி, புதுமனை புகுவிழாவுக்கு அழைக்கப் போனபோது அப்பா, "பாக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. வாசற்கதவைத் தானே செய்வதாகப் பிடிவாதம் பிடித்தார். மாமனார் வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான் என்று அவர் கணக்கு. வார்னிஷ் காயட்டும் என்று பட்டறையிலேயே வைத்திருந்து, விசேஷத்தன்று விடியற்காலையில் கொண்டுவந்தார்.

கதவு நிலைக்குள் நுழையவில்லை. மேலேயும் இடித்தது, பக்கத்திலும் இடித்தது.

இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள். ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டாமென்று, கோடுகளையே சற்றுத் தள்ளித் தள்ளிப் போட்ட ஸ்கேல் ஒன்று பட்டறையில் உண்டு. நிலையைச் சாதாரண டேப்பால் அளந்தவர், பலகையில் கைக்குப் பழகிய அந்த ஸ்கேலால் குறித்துவிட்டார். காய்ச்சி ஊற்றிய கதவா இது, ஆறியதும் சுருங்க? எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் வாசலில் கதவைப் படுக்கப் போட்டு ஓரத்தை அறுத்தார், இழைப்புளியால் இழைக்க ஆரம்பித்தார். புதுவேட்டியெல்லாம் மரச்சுருள். பால் காய்ச்ச நேரமாகிவிட்டது. "கதவில்லாத ஊட்டுலயா பால் காச்சறது?" என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

அப்போது சீர்த்தட்டோடு அம்மா வந்தாள். பின்னால் அப்பா.

கதவையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அளவு தப்பிப்போச்சுங்க மாமா. பட்டறை ஸ்கேல்ல குறிச்சுப்போட்டேன்" என்றார் கணவர், தலை நிமிராமலே.

அந்தப் பழைய பேச்சை இத்தனை பேர் முன்னால் எடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். அப்பா செருப்பைக் கழற்றினார். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கதவின் மறுமுனையில் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.

"நீங்க இழைங்க மாப்பிள்ளை. ஆடாம நான் புடிச்சுக்கறேன்."

அவர் வாயில் மாப்பிள்ளை என்ற முறை வந்து அன்றுவரை நான் கேட்டதில்லை. என் கணவரால் உடனே இழைக்க முடியவில்லை. இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொள்ளத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார்.