நான்கு ஜோடிக் கையுறை

பொருள் காணாமல் போனால் முதலில் இழந்தவரைத்தான் சோதிக்க வேண்டும். சுங்கத்துறையில் நான் பிறருக்குக் கற்பித்த விதி இது.

மெல்பர்ன் கடற்கரையோரக் கடை. ஆடி மாதம் இங்கே குளிர்காலம்; வெளியே மழை. மணலுக்குள் நாணயம் தேடும் கருவியோடு என்னை அழைத்து வந்திருக்கிறார் மருமகனின் யாழ்ப்பாண நண்பர் சிவம். ஈரமணலைத் தோண்ட, தண்ணீர் புகாத கையுறைகளைப் போட்டுப் பார்க்க எடுத்துத் தருகிறார்.

"தடிச்சது வேண்டாம் அங்கிள். காசு விரலுக்குத் தெரியாது."

நான்காவது ஜோடியைக் கழற்றும்போது என் மோதிரம் இல்லை. பக்கத்தில் அவர் மட்டும்தான்.

"உங்க பாக்கெட்டைக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

காட்டுகிறார். பிறகு, நான் போட்டுப் பார்த்த கையுறைகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாக உதறுகிறார். மூன்றாவது ஜோடியிலிருந்து மோதிரம் விழுகிறது.

"குளிருக்கு விரல் மெலியும், அங்கிள்."

மன்னிப்புக் கேட்டு அன்றே செய்தி அனுப்புகிறேன்.

"இப்ப வெயில் அங்கிள், கிளவுஸ் தேவையில்லை. வாறீங்களோ?" என்று பதில் வந்தது தைப்பொங்கலன்று.